பார்க்கப் போனவன்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் போன் செய்து, "மின்சார வாகனத் துறையில் வேலைவாய்ப்பு பற்றி இருபது நிமிஷம் பேசுப்பா" என்றார். அதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர்கள் இந்த அரங்கிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். நான் அண்மையில் கற்றுக்கொண்ட வேலை வேறு. பச்சிளம் குழந்தையைப் பார்த்துக்கொள்வது. "அதைப் பற்றிப் பேசலாமா?" என்று கேட்டேன். மறுமுனையில் சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பசங்க சிரிக்காம இருந்தா சரி" என்றார். சிரிக்கலாம், தடையில்லை.

நம் பக்கத்தில் தலைப்பிரசவம் பெண்ணின் தாய்வீட்டில். வளைகாப்பு முடிந்ததும் பெண் போய்விடுவாள். பிள்ளை பிறந்த பிறகும் மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேதான். புருஷன்காரன் சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்புவான். அதற்கு நாம் சொல்லும் வார்த்தையைக் கவனியுங்கள்: "குழந்தையைப் பார்க்கப் போறேன்." உண்மைதான். பார்க்கிறோம். யாராவது தூக்கிக் காட்டுகிறார்கள். மூக்கு யார் மாதிரி என்று ஒரு பட்டிமன்றம் நடக்கும். மாப்பிள்ளைக்குக் கோழிக்குழம்பு. பிறகு பஸ் ஏறிவிடுகிறோம். பார்ப்பதற்கும் பார்த்துக்கொள்வதற்கும் நடுவே "கொள்" என்று ஒரு சின்னச் சொல்தான்.

நானும் அப்படிப் பார்க்கப் போனவன்தான். என் மனைவிக்குத் திண்டிவனம். எனக்கு ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை. 2024 நவம்பர் 28, வியாழக்கிழமை பெண் குழந்தை பிறந்தது. 37 வாரம். எடை 2 கிலோ 350 கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்று கணக்கு. வெள்ளிக்கிழமை இரவு திண்டிவனம் போய்ச் சேர்ந்தேன். திங்கட்கிழமை ஷிஃப்டுக்குத் திரும்புவதாகத் திட்டம்.

சனிக்கிழமை இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததே தவிர நகரவில்லை. மணிக்கணக்காக அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. திண்டிவனத்துக்குப் பக்கத்தில் இருக்கும் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை. விழுப்புரம் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த டிசம்பர் முதல் வாரத்தை நான் விவரிக்க வேண்டியதில்லை. திங்கட்கிழமை விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் இடையே ரயில் பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தாண்டியதால் ரயில்களை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்குத்தான் தாயையும் சேயையும் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். மாமியார் வீட்டுத் தெருவில் கணுக்கால் தண்ணீர். கரண்ட் இல்லை. மாமாவுக்கு முழங்கால் வலி. வீட்டில் ஓடியாட முடிந்த ஆம்பளை நான் ஒருவன்தான். கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கே கிடைத்த பதிலை இங்கே சொல்ல வேண்டாம். தங்கிவிட்டேன்.

முதல் பிரச்சினை குளிர். ஆறாவது செமஸ்டரில் வெப்பப் பரிமாற்றம் படித்தோம் அல்லவா? கடத்தல், சலனம், கதிர்வீச்சு. அத்துடன் ஆவியாதலையும் சேர்த்தால், பிறந்த குழந்தை வெப்பத்தை இழக்கும் நான்கு வழிகளும் வந்துவிட்டன. ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு தோல் பரப்பு என்று கணக்குப் போட்டால், பிறந்த குழந்தைக்கு நம்மைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வரும். பொருள் சிறிதாக ஆக, பரப்புக்கும் பருமனுக்கும் உள்ள விகிதம் ஏறும். சின்ன டம்ளர் காபி சீக்கிரம் ஆறுவதும் அதனால்தான். நமக்குக் குளிரெடுத்தால் உடம்பு நடுங்கிச் சூடு உண்டாக்கும். பச்சிளம் குழந்தைக்கு அந்த வசதியும் கிடையாது. முதுகிலும் கழுத்தைச் சுற்றியும் இருக்கும் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் அது தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. எடை குறைந்த குழந்தையிடம் அந்தக் கையிருப்பும் குறைவு. நம்ம ஊரில் குளிர் ஏது என்று நினைக்காதீர்கள். மழை நாளில், ஈரத் துணியில், ஜன்னல் காற்றில் கிடந்தால் திண்டிவனமும் அதற்கு ஊட்டிதான்.

மருத்துவமனையில் ஒரு செவிலியர் அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். குழந்தைக்கு லங்கோடும் தலைக்குக் குல்லாவும் மட்டும் போட்டு, தாயின் வெறும் மார்பின் மேல் நிமிர்த்தி வைத்து, மேலே துணியால் சுற்றிக்கட்ட வேண்டும். கங்காரு முறை. 1978 வாக்கில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், போதிய இன்குபேட்டர் இல்லாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கிவைத்தது. இல்லாத கொடுமைக்குச் செய்த ஏற்பாடு என்றுதான் அப்போது பலரும் நினைத்தார்கள். ஆனால் இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு வேறு கதை சொன்னது. எடை மிகக் குறைந்த குழந்தைகளைப் பிறந்த உடனே இப்படி வைத்தபோது, நிலைப்படுத்திய பிறகு வைப்பதைவிட இறப்பு 25 சதவீதம் குறைந்தது. டில்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் அந்த ஆய்வில் உண்டு.

"அம்மா தூங்கும்போது அப்பாவும் வைக்கலாமா?" என்று அந்த அக்காவிடம் கேட்டிருந்தேன். "தாராளமா. ஆனா நீங்க தூங்கிடக் கூடாது" என்றார். அன்று ராத்திரி சட்டையைக் கழற்றிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். மனைவியின் பாட்டி, எங்கள் எல்லோருக்கும் ஆயா, கதவருகே நின்று பார்த்தார். "இன்னா மாப்ள, ஆம்பளை நெஞ்சுல இன்னா இருக்கு, அதுங்கிட்ட குடுங்க" என்றார். "சூடு இருக்கு ஆயா" என்றேன். ஆயா ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு போர்வை கொண்டுவந்து என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

இரண்டாவது பிரச்சினை துணி. பழைய வேட்டியைக் கிழித்து முப்பது துண்டு வைத்திருந்தார்கள். மழையில் ஒன்றும் காயவில்லை. இஸ்திரி போட்டுக் காயவைக்கலாம் என்றால் கரண்ட் இல்லை. தெருமுனையில் வண்டி வைத்திருக்கும் இஸ்திரிக்காரர் ஞாபகம் வந்தது. அவரிடம் கரிப்பெட்டி. வீட்டுத் திண்ணையிலேயே கரி மூட்டி, இரண்டு நாள் எங்கள் பாப்பாவின் லங்கோடுகளை ஒவ்வொன்றாகத் தேய்த்து உலர்த்திக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இஸ்திரி சூட்டில் கிருமியும் போகும் என்று அவரே ஒரு விளக்கமும் சொன்னார்.

மூன்றாவது நான் பழகிய வேலை: லாக் புத்தகம். தொழிற்சாலையில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இயந்திரத்தின் நிலையை எழுதி வைப்போமே, அதே போல ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். எத்தனை மணிக்குப் பால் குடித்தாள், எவ்வளவு நேரம், எத்தனை முறை மூத்திரம், எத்தனை முறை மலம், என்ன நிறம். பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டிலிருந்து பன்னிரண்டு முறை பால் குடிக்க வேண்டும். முதல் நாள் அதன் வயிறு ஒரு கோலிக்குண்டு அளவு, கொள்வது ஐந்தாறு மில்லிதான். அதனால்தான் சொட்டுச் சொட்டாக வரும் சீம்பாலே அதற்குப் போதும். பால் சேருகிறதா என்று தெரிந்துகொள்ளத் தாயிடம் மீட்டர் இல்லை. மீட்டர் லங்கோட்டில் இருக்கிறது. ஐந்தாம் நாள் வாக்கில் ஆறு முறையாவது நனைய வேண்டும். டிசம்பர் 2ஆம் தேதி என் நோட்டில் மூன்றுதான் இருந்தது. குழந்தை அழாமல் தூங்கிக்கொண்டே இருந்தாள். "எவ்வளவு சமத்து" என்று வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். பசிக்கு அழாத பச்சைக் குழந்தையை மெச்சக் கூடாது, எழுப்ப வேண்டும். உள்ளங்காலைத் தேய்த்து, ஈரத்துணியால் முகத்தைத் தொட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுப்பிப் பால் கொடுத்தோம். தாய்க்குத் தூக்கம் வேண்டுமே என்று பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை என் ஷிஃப்ட், இரண்டிலிருந்து ஆறு அத்தையின் ஷிஃப்ட் என்று பிரித்துக்கொண்டோம். பால் கொடுக்க மட்டும் மனைவியை எழுப்புவோம். ஏப்பம், துணி, தூளி எல்லாம் ஷிஃப்ட்காரர் பொறுப்பு.

செவ்வாய்க்கிழமை காலை ஜன்னலோரம் துணி மாற்றும்போது நெஞ்சைப் பார்த்தேன். ராத்திரி முழுவதும் மெழுகுவர்த்தி வெளிச்சம், டார்ச் வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் எல்லார் தோலும் மஞ்சள்தான். இதைத் தம்பிகள் குறித்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். விரலால் தோலை மெல்ல அழுத்தி எடுத்தால் அழுத்திய இடத்தில் இரத்தம் விலகி அடி நிறம் தெரியும். மூக்கு மஞ்சள், நெஞ்சு மஞ்சள், வயிறு மஞ்சள், தொடை மஞ்சள். மஞ்சள் முகத்தில் தொடங்கிக் கீழே இறங்கும். எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறதோ அவ்வளவு அதிகம் என்று பொதுவாகச் சொல்வார்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை வந்தால் அது ஓட வேண்டிய கட்டம். பிறந்த முதல் 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும் அப்படியே.

"பொறந்த கொழந்தைன்னா மஞ்சப் பூக்கத்தான் செய்யும். இளவெயில்ல காட்டினா போயிடும். இவ அம்மாவுக்கும் அப்படித்தான்" என்றார் ஆயா. முதல் வாக்கியம் பெரும்பாலும் சரி. கருவில் இருந்தபோது சேர்ந்த சிவப்பணுக்கள் சிதைந்து பிலிருபின் என்ற மஞ்சள் பொருளாக மாறும். அதை வெளியேற்றும் பக்குவம் புதுக் கல்லீரலுக்கு வரச் சில நாள் ஆகும். முக்கால்வாசிக் குழந்தைகளுக்குத் தானாகவே வடிந்துவிடும். ஆனால் அளவு மீறினால் அந்தப் பொருள் மூளைக்குள் புகுந்து காதையும் கைகாலையும் கெடுத்துவிடும். அப்படி ஆனதைத் திருப்ப முடியாது. எது வடியும், எது மீறும் என்று கண்ணால் சொல்ல முடியாது. இரத்தத்தில் அளந்தால்தான் தெரியும்.

இரண்டாவது வாக்கியத்துக்கு ஒரு கதை உண்டு. ஆயா மாதிரியே ஒருத்தர் இங்கிலாந்திலும் இருந்தார். எசெக்ஸ் பகுதியில் ராக்ஃபர்ட் என்ற ஊர் மருத்துவமனையில் சிஸ்டர் வார்ட் என்று ஒரு தலைமைச் செவிலியர். காற்றும் வெயிலும் குழந்தைக்கு நல்லது என்று, குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்கு எடுத்துப் போவாராம். 1956இல் ஒருநாள் டாக்டர்களிடம் ஒரு குழந்தையைக் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருக்க, ஒரு முக்கோணத் துண்டு மட்டும் நல்ல மஞ்சளாக இருந்தது. துணியின் ஒரு முனை மூடியிருந்த இடம் அது! பிறகு ஜன்னலோரம் வெயிலில் இருந்துவிட்ட ஒரு இரத்தக் குழாயிலும் பிலிருபின் குறைந்து காணப்பட்டது. கிரீமர் என்ற டாக்டரும் கூட்டாளிகளும் அதைத் துருவிப் பார்த்து 1958இல் கட்டுரை வெளியிட்டார்கள். இன்று உலகம் முழுவதும் பயன்படும் நீல விளக்குச் சிகிச்சை அங்கே பிறந்தது. 460 முதல் 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி பட்டால் பிலிருபின் மூலக்கூறு வடிவம் மாறி, கல்லீரலின் உதவிக்குக் காத்திராமல் வெளியேறிவிடும்.

ஆக ஆயா சொன்னதில் அறிவியல் இருக்கிறது. இல்லாதது அளவு. காலை வெயிலில் நீலத்துடன் புற ஊதாவும் வருகிறது. துணியை அவிழ்த்தால் குழந்தை குளிர்ந்துவிடும், அவிழ்க்காவிட்டால் ஒளி தோலில் படாது. எவ்வளவு படுகிறது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் ஆயாவிடம் நான் விளக்கவில்லை. அதற்குத் தேவையும் வரவில்லை. வானத்தைப் பார்த்தேன், ஆயாவும் பார்த்தார். வெயில் ஏது? "சரி, ஆஸ்பத்திரிக்கே தூக்கினு போங்க" என்று அவரேதான் முதலில் சொன்னார்.

மாமாவுக்குத் தெரிந்தவர் காரில் முண்டியம்பாக்கம் புறப்பட்டோம். நம் காலத்தில் முண்டியம்பாக்கம் என்றால் சர்க்கரை ஆலையின் வாசனைதான் நினைவுக்கு வரும். 2010இல் விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி அங்கே வந்தது. கூட்டேரிப்பட்டு தாண்டியதும் இரண்டு பக்கமும் வயலெல்லாம் ஏரியாகக் கிடந்தது. முக்கால் மணி நேரப் பயணம் அன்று ஒன்றரை மணி நேரம். பாப்பா தாயின் சேலைக்குள் நெஞ்சோடு நெஞ்சாக இருந்தாள். என் மனைவி வழி முழுவதும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிலிருபின் 18.6. எடை 2 கிலோ 160 கிராம். எட்டு சதவீதம் குறைந்திருந்தது. பிறந்த குழந்தைக்கு முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்குவது வழக்கம்தான். ஆனால் 37 வாரக் குழந்தைக்கு இந்த இரண்டும் சேர்ந்தால் விளக்கில் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். "எத்தனை தடவை பால் குடிக்குது, எத்தனை தடவை யூரின்?" என்று கேட்டார். நோட்டை நீட்டினேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "யார் எழுதினது?" என்றார். எழுதினவனைப் பார்த்துவிட்டு, அதை அப்படியே கேஸ் தாளில் எடுத்துக்கொள்ளச் சொன்னார். நம் பல்கலைக்கழகத்தில் வாங்கிய எந்த மதிப்பெண்ணுக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கண்ணுக்குக் கட்டுப் போட்டு, லங்கோடு மட்டும் கட்டி, நீல வெளிச்சத்தில் அவளைப் படுக்கவைத்தார்கள். தொற்று வரக் கூடாது என்பதால் உள்ளே தாய்க்குத்தான் இடம். நான் கதவுக்கு வெளியே. துணி துவைப்பது, சாப்பாடு வாங்குவது, நோட்டு எழுதுவது. ஒரு செவிலியரிடம் விளக்கின் அலைநீளம் என்ன, தூரம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேட்டேன். "தம்பி, லைட்டை அப்புறம் அளக்கலாம், மூணு காஞ்ச துணி குடுங்க" என்றார். நாற்பது மணி நேரத்துக்குப் பின் 11.8க்கு இறங்கியது. விளக்கை நிறுத்தி, மறுநாளும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினார்கள். பதின்மூன்றாம் நாள் பிறந்த எடையைத் தாண்டினாள்.

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்குள் ஆபத்து. தொப்புளில் மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காமல் உலர விடுங்கள். மூக்கில், காதில் எண்ணெய் விட வேண்டாம். பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை பி ஊசி மூன்றும் பிறந்தவுடனே. அடுத்தது ஊரில் எல்லோரும் சொல்லும் 45ஆம் நாள் ஊசி. குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நெஞ்சுக்கூடு உள்ளிழுக்க மூச்சுவிட்டாலோ, ஒரு முழு நிமிடம் எண்ணிப் பார்த்து மூச்சு அறுபதோ அதற்கு மேலோ இருந்தாலோ, உடம்பு கொதித்தாலோ சில்லிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஆயாவின் தூளியும், கால் நீட்டி உட்கார்ந்து குளிப்பாட்டும் அந்தக் கைவாகும் எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. அதை அவரிடமே கற்றுக்கொண்டேன். தலையைத் தாங்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

இன்னொன்று. வீட்டுக்குத் திரும்பிய பிறகு என் மனைவி காரணமில்லாமல் அழுதாள். சோற்றைப் பிசைந்துகொண்டே அழுவாள். முதல் இரண்டு வாரத்தில் பெரும்பாலான தாய்மாருக்கு இது வரும், தானே போய்விடும். போகாமல் நீடித்தால் அதுவும் மருத்துவரிடம் காட்ட வேண்டிய நோய்தான். "பால் கம்மி", "புள்ள இளைச்சிருக்கு" என்று பார்க்க வருகிறவர்கள் பேசும் பேச்சை வாசலிலேயே தடுப்பதற்கு வீட்டில் ஒரு ஆள் வேண்டும். அந்த வேலைக்கு மாப்பிள்ளை என்ற பதவி மிகவும் பொருத்தம். மாப்பிள்ளை ஒன்று சொன்னால் நம்ம ஊரில் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். அந்த மரியாதையைக் கோழிக்குழம்புக்கு மட்டும் செலவழிப்பானேன்?

விடுப்பு விஷயத்துக்கு வருகிறேன். 2017 திருத்தத்துக்குப் பிறகு தாய்க்கு 26 வாரம் சட்டத்தில் இருக்கிறது. மத்திய அரசு ஊழியரான தகப்பனுக்கு 15 நாள். என்னைப் போலத் தனியார் கம்பெனியில் இருப்பவனுக்குச் சட்டம் எதுவும் இல்லை, மேலாளரின் மனசுதான். நான் சேர்த்துவைத்த விடுப்பு, சம்பளமில்லா விடுப்பு எல்லாவற்றையும் ஒட்டுப்போட்டு 24 நாள் இருந்தேன். அந்த வருடம் எனக்குக் கிடைத்த இன்கிரிமென்ட் பற்றி யாரும் கேட்க வேண்டாம். இந்த அரங்கில் விடுப்பு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் இருக்கும் சீனியர்கள் பலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். அண்ணா, உங்கள் மேஜைக்கு அடுத்த முறை ஒரு பையன் "குழந்தை பிறந்திருக்கு சார்" என்று தாளோடு வந்து நின்றால், "உன் பொண்டாட்டிதானே பெத்தா, நீ என்ன பண்ணப் போற" என்று கேட்காதீர்கள். என்ன பண்ணுவான் என்று இருபது நிமிடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். லாக் புத்தகம் எழுதுவான். லங்கோடு தேய்த்துக் கொண்டுவருவான். காலை ஆறு மணிக்கு ஜன்னல் வெளிச்சத்தில் தோலை அழுத்திப் பார்ப்பான்.

அந்த நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். ஹாஸ்டல் தம்பி ஒருவன் ஜெராக்ஸ் கேட்டான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. வேண்டியவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு வாங்கிப் பார்க்கலாம். பின் பக்கங்களில் பால் கறை இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வரிசையில் அழுகைச் சத்தம் கேட்கிறது. அது எங்கள் வீட்டுச் சத்தம்தான். இப்போது நடக்க ஆரம்பித்துவிட்டாள், ஒரு இடத்தில் உட்கார மாட்டாள். என் மனைவி மேடையைப் பார்த்துக் கையைக் காட்டுகிறாள். நான் இறங்க வேண்டும்.